வணிகத்தொடரும் படைப்புத்தரமும்: காட்ஸில்லா திரைப்படங்களை முன்வைத்து

திறவுச்சொற்கள்: வணிகத்தொடர், காட்ஸில்லா, டோஹோ நிறுவனம், ஹெடோரா, படைப்புத்தரம்

முன்னுரை

ஒரு கதைமாந்தரையோ கதையுலகையோ மூலதனமாகக் கொண்டு திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், பொம்மை, கணினி விளையாட்டு எனப் பல வடிவங்களில் இடையறாது விற்பனை செய்யும் முறை ‘ஃபிரான்சைஸ்’ எனப்படுகிறது. இக்கட்டுரை அதனை வணிகத்தொடர் என்று குறிக்கிறது. வணிகம் பெருகப் பெருகப் படைப்பின் தரம் குன்றும் என்பது பரவலான கருத்து. பெருந்திரள் உற்பத்தி கலையை ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது என்று அடோர்னோவும் ஹார்க்ஹைமரும் முன்வைத்த விமரிசனம் இக்கருத்துக்குக் கோட்பாட்டு வலிமை தந்தது. 1954இல் தொடங்கி எழுபது ஆண்டுகளாக நீடிக்கும் ஜப்பானின் காட்ஸில்லா வரிசை இவ்வாதத்தைச் சோதிப்பதற்கு ஏற்ற களமாகும். அவ்வரிசையில் தரம் ஏறியதும் இறங்கியதும் வணிகத்தின் அளவை ஒட்டி நிகழவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. டோஹோ நிறுவனத்தின் படங்களே இங்குப் பெரிதும் கருதப்படுகின்றன.

தோற்றத்தில் வணிகம்

முதற்படம் தூய கலையாகப் பிறந்து பின்னர் வணிகத்தால் கெட்டது என்று கூறுவதற்கில்லை. இந்தோனேசியாவுடன் இணைந்து எடுக்கவிருந்த ஒரு படம் கைவிடப்பட்டதால், அதன் இடத்தை நிரப்பத் தயாரிப்பாளர் தனாகா தொமொயுகிக்கு வேறொரு கதை அவசரமாகத் தேவைப்பட்டது. 1952இல் மறுவெளியீடு கண்ட ‘கிங் காங்’ ஈட்டிய வருவாயும் திரையுலகினர் கண்முன் இருந்தது. ஆக, காட்ஸில்லா ஒரு வணிகத் தேவையின் விளைவே.

எனினும் 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது படிந்து, அதிலிருந்த 23 பேரையும் பாதித்திருந்தது. இயக்குநர் ஹொண்டா இஷிரோ போர்வீரராகச் சீனாவில் பணியாற்றித் திரும்புகையில் அழிந்த ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர். விலங்கின் உருவம் சந்தைக்காகத் தேவைப்பட்டது; அவ்வுருவத்திற்குள் எதனை வைப்பது என்பதைச் சந்தை கேட்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் அணுகுண்டின் நினைவு குடியேறியது. 1956இல் அமெரிக்கச் சந்தைக்கென ரேமண்ட் பர் நடித்த காட்சிகளைச் சேர்த்து வெட்டி ஒட்டப்பட்ட வடிவத்தில் அந்நினைவு பெரிதும் மங்கியது. விலங்கு மட்டும் அப்படியே இருந்தது.

சரிவின் காரணம்

1960களின் பிற்பகுதியிலிருந்து படங்கள் நலிந்ததற்குச் சிறுவர் சந்தையைக் காரணம் காட்டுவது வழக்கம். அது பாதி உண்மை. ஜப்பானில் திரையரங்கு வந்தோர் எண்ணிக்கை 1958இல் 112 கோடியைத் தாண்டியிருந்தது. 1972இல் அது 20 கோடிக்கும் கீழே சரிந்தது. தொலைக்காட்சி பார்வையாளர்களை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டது. படச்செலவு சுருங்கியது. 1969 முதல் டோஹோ பள்ளி விடுமுறைக் காலங்களில் கார்ட்டூன்களோடு சேர்த்துச் சிறுவர்களுக்கென நடத்திய ‘சாம்பியன்’ திரைவிழாக்களில் காட்ஸில்லா ஒரு பகுதியாயிற்று. 1969, 1972 ஆகிய ஆண்டுகளின் படங்களில் பழைய படங்களின் சண்டைக் காட்சிகளே மீண்டும் ஒட்டப்பட்டன. தரம் வீழ்ந்தது பணம் மிகுந்ததால் அன்று, பணம் வற்றியதால் என்பதே இங்குப் பொருந்தும்.

ஹெடோரா

மேற்கண்ட விளக்கமும் முழுமையானதன்று என்பதை 1971இல் வெளியான, ஹெடோராவுடன் காட்ஸில்லா மோதும் படம் காட்டுகிறது. குறைந்த செலவு, குறுகிய காலம், சிறுவர் திரைவிழா ஆகிய அத்தனை நெருக்கடிகளுக்கும் உட்பட்ட படம் அது. கழிவுச் சேற்றைக் குறிக்கும் ‘ஹெதொரோ’ என்னும் ஜப்பானியச் சொல்லிலிருந்தே அவ்விலங்கின் பெயர் ஆக்கப்பட்டது. மினமாத்தா நோயும் யொக்காய்ச்சி ஆஸ்துமாவும் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த காலம். காகித ஆலைக் கழிவால் தாகொநோஉரா துறைமுகம் நாறிக் கிடந்தது. ஜப்பானின் சுற்றுச்சூழல் முகமை 1971 ஜூலை 1 அன்று நிறுவப்பட்டது. அதே மாதம் 24ஆம் நாள் படம் திரைக்கு வந்தது.

இயக்குநர் பன்னோ யொஷிமித்சு சிறுவர்களுக்கான படத்தில் மாசினை எதிர்க்கும் பாடலையும் இடையிடையே கார்ட்டூன் துண்டுகளையும் அமைத்தார். அமிலப் புகையில் மனிதர்கள் எலும்புக்கூடாகும் காட்சிகளையும் தயங்காது வைத்தார். காட்ஸில்லா தன் அணுக்கதிரின் விசையால் பின்னோக்கிப் பறக்கும் காட்சி நகைப்புக்குரியதே. அதனை மறைக்க வேண்டியதில்லை. படப்பிடிப்பின்போது மருத்துவமனையில் இருந்த தனாகாவுக்குப் படம் பிடிக்கவில்லை. பன்னோ அதன்பின் எந்தக் காட்ஸில்லா படத்தையும் இயக்கவில்லை. எனினும் அதே திரைவிழாவுக்காக உருவான பிற படங்களோடு ஒப்பிடுகையில், தன் காலத்தை நோக்கி ஒரு வினாவை எழுப்பிய படம் இதுவே. சூழல் ஒன்றாக இருந்தும் விளைவு வேறுபட்டதற்கு, அவ்வெற்றிடத்தை நிரப்ப ஒருவர் முனைந்ததே காரணம் எனலாம். அம்முனைப்பைப் பொறுத்துக்கொள்ளும் மனநிலை நிறுவனத்திடம் இல்லை என்பதும் நோக்கத்தக்கது.

அண்மைக்காலப் படங்கள்

அன்னோ ஹிதேஅகியும் ஹிகுச்சி ஷின்ஜியும் இயக்கிய ‘ஷின் காட்ஸில்லா’ (2016), 2011ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் ஃபுக்குஷிமா அணுவுலை விபத்தையும் மனத்திற்கொண்டது. விலங்கைவிட அரசு அலுவலர்களின் முடிவற்ற கூட்டங்களே அதில் மிகுதி. அப்படம் ஜப்பானிய அகாதெமியின் சிறந்த படத்திற்கான விருதைப் பெற்றது. யமசாகி தகாஷியின் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ (2023), தற்கொலைப்படைப் பணியிலிருந்து தப்பி வந்த விமானியின் குற்றவுணர்வைப் பேசுகிறது. உயிரைக் கொடுப்பதே பெருமை என்ற போர்க்கால அறத்தை அது மறுக்கிறது. ஏறத்தாழ 610 காட்சித்துண்டுகளுக்கான காட்சி விளைவுகளை 35 கலைஞர்கள் உருவாக்கினர். 2024இல் அதற்கு ஆஸ்கர் விருது கிடைத்தது.

அப்படம் வெளியாகி ஐந்து மாதம் முடிவதற்குள், டோஹோவின் உரிமம் பெற்று அமெரிக்காவில் உருவான, காட்ஸில்லாவும் காங்கும் இணையும் படம் வெளிவந்து, பல மடங்கு வருவாய் ஈட்டியது. அதில் விலங்குகளின் மோதலுக்கு அப்பால் தேடுவதற்கு அதிகமில்லை. இரண்டிற்கும் பெயர் ஒன்று, உரிமையாளர் ஒருவர், பொம்மைக் கடையில் இடமும் ஒன்றே.