கல் சாய்ந்தாலும் பெயர் அழியலாமா?

வீட்டையும் வயலையும் மட்டுமா விட்டு வந்தோம்? சேமக்காலையில் உறங்கும் பெற்றோரையும் விட்டல்லவா வந்தோம்! அந்தக் கல்லறைகளை மனதில் வைத்துக்கொண்டு, பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டிலுள்ள ஒரு நினைவுக்கல்லின் கதையைக் கேளுங்கள்.

லாங்கொல்லன் என்னும் ஊருக்கு அண்மையில், ஒரு மேட்டின்மேல் நிற்கிறது 'எலிசெக் தூண்'. போவிஸ் நாட்டை ஆண்ட கின்கென் என்ற கிறிஸ்தவ அரசன், தன் பூட்டனாரான எலிசெக்கின் நினைவாக 9ஆம் நூற்றாண்டில் இதை நாட்டினான். அன்று அது நெடிய கற்சிலுவை. ஆங்கிலேயர் வசமிருந்த போவிஸின் உரிமை நிலத்தை எலிசெக் மீட்டார் என்று அதில் இலத்தீனில் பொறிக்கப்பட்டது. வாசிப்பவர் அவரது ஆன்மாவுக்கு ஆசி வேண்டும்படியும் கேட்கப்பட்டிருந்தது. காணி உரிமைக்குச் சாட்சியாகவும் செபமாகவும் அந்தக் கல் நின்றது.

17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் சிலுவை வீழ்த்தப்பட்டது. எட்வர்ட் லூயிட் என்னும் அறிஞர் 1696இல் அங்கு சென்று, எஞ்சியிருந்த எழுத்துக்களை வரிவரியாகப் பிரதி செய்தார். 1779இல் உடைந்த துண்டு மீண்டும் நிமிர்த்தப்பட்டது. ஆனால் மழையிலும் காற்றிலும் தேய்ந்த மூல எழுத்துக்களை இன்று வாசிக்க முடியாது. மேலே சொன்னவற்றை நாம் அறிவது லூயிட்டின் பிரதியால்தான்.

இன்று அத்தூண் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம். அனுமதியின்றிச் சேதப்படுத்துவது குற்றம். வேல்ஸ் அரசின் 'கடூ' என்னும் அமைப்பு அதைப் பராமரிக்கிறது. வேல்ஸ் மொழியில் அச்சொல்லுக்குக் 'காத்தல்' என்பது பொருள். ஆயினும், தொல்சின்னங்களைக் காக்கும் முதற் சட்டம் பிரித்தானியாவில் வந்தது 1882இல்தான். அதற்குள் சிலுவை விழுந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

அன்பர்களே, நம் பெற்றோர் அரசர்கள் அல்லர். அவர்களின் கல்லறைகளைக் காக்க எந்தத் திணைக்களமும் வரும் என்று காத்திருக்க முடியாது. ஊருக்குப் போகும் நாளில் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு செல்லுங்கள். உடைந்த கல்லிலுள்ள பெயரையும் திகதியையும் உள்ளபடியே எழுதுங்கள். தெரியாத எழுத்துக்கு இடைவெளி விடுங்கள். எந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் எது என்பதையும் குறியுங்கள். கம்பித் தூரிகையால் உரஞ்ச வேண்டாம். இருக்கும் எழுத்தும் போய்விடும். உடைந்த துண்டுகளை அப்புறப்படுத்தவும் வேண்டாம்.

இன்னும் திரும்ப முடியாதவர்கள் பெரியவர்களிடம் கேட்டு இப்பொழுதே எழுதத் தொடங்கலாம். ஒரு பிரதியை வீட்டிலும் மற்றொன்றைப் பங்குத்தந்தையிடமும் வையுங்கள். நவம்பர் 2ஆம் திகதி, மரித்த விசுவாசிகளின் நினைவுநாளில், அப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து மன்றாடுவோம்.