பட்டின் பசையும் கையின் பசையும்

காஞ்சிபுரத்தில் பட்டுநூல் தறியேறும் முன்னர்ச் சாயப்பட்டறையைக் கடந்து வருகிறது. பட்டுப்புழு சுரந்த இழையைச் செரிசின் என்னும் புரதப்பசை மூடியிருக்கும். சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த வெந்நீரில் நூலை இட்டு அப்பசையை நீக்குவர். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தாலும், பட்டு மென்மையும் பளபளப்பும் பெறுகிறது. ஆனால், பட்டுக்கு அழகூட்டும் அந்நீரே தொழிலாளியின் கைக்குக் கேடாகிறது. அஃது எவ்வாறு?

மேல்தோலின் வெளிப்படலம் கெரட்டின் நிறைந்த இறந்த செல்களால் ஆனது. உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டரே. செல்களைச் செங்கற்கள் எனக் கொண்டால், அவற்றுக்கு இடையேயுள்ள செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்து எனலாம். உடலின் நீரைக் காப்பதும் அயற்பொருள்களைத் தடுப்பதும் இச்சுவரே.

தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சிறிதளவு அமிலத்தன்மை உடையது. சோடா நீரோ காரத்தன்மை மிக்கது. நாள்தோறும் அதில் நனையும் கையில் எண்ணெய்ப்பசையாகிய சாந்து சிதைகிறது. நீர் ஆவியாகித் தோல் வறண்டு வெடிக்கிறது. வெடிப்பின் வழியே வேதிப்பொருள்களும் நுண்ணுயிரிகளும் புகுகின்றன. அரிப்பும் அழற்சியும் தொடர்கின்றன.

இச்சுவர் தன்னைத்தானே சீரமைத்துக்கொள்ள வல்லது. அதற்குச் சில வாரங்கள் வேண்டும். மறுநாளே கை மீண்டும் தொட்டியில் நனைந்தால், பழைய புண் ஆறுமுன் புதிய புண் தோன்றும். எனவே, மருந்து மட்டும் போதாது. நீர்புகாக் கையுறை அணிதலும், பணி முடிந்தபின் நன்னீரில் கழுவி, கை ஈரமாக இருக்கும்போதே களிம்பு பூசுதலும் இன்றியமையாதவை.

பசையை இழந்த பட்டு விலையில் உயர்கிறது. பசையை இழந்த கையோ கூலியை இழக்கிறது.