சிலையை மீட்ட புகைப்படம்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையில் நம் நெய்வேலியும் ஒரு நிலையம். அப்பாதை சென்றடையும் ஊரில், மணிமுத்தாற்றின் கரையில், விருத்தகிரீசுவரர் கோயில் எழுந்து நிற்கிறது. திருமுதுகுன்றம் என்று முன்னோர் அழைத்த அத்தலத்தில், 10ஆம் நூற்றாண்டில் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் கண்டராதித்த சோழரின் துணைவியார் செம்பியன் மாதேவியார். அக்கோயிலின் சுவர் மாடமொன்றில் கல்லாலான அர்த்தநாரீசுவரர் சிலை இருந்தது. வலப்பாகம் சிவன், இடப்பாகம் உமை.

அச்சிலை களவு போயிற்று. வியப்பு என்னவெனில், அது காணாமற்போனதே பலருக்குத் தெரியவில்லை. அதே மாடத்தில் புதிய சிலையொன்று நின்றது. வணங்கிச் சென்றோர் வேறுபாட்டை உணரவில்லை. அவர்களைக் குறை கூறலாமா? நாம் நாள்தோறும் மண்டியிடும் பீடத்துச் சுரூபத்தின் கையில் எத்தனை விரல் உடைந்திருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2004ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் மூன்று இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அச்சிலையை வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். சிலை 1970இலேயே தில்லியில் விற்கப்பட்டதென ஒரு பற்றுச்சீட்டையும் அவர் காட்டினார். 1972இல் இந்திய அரசு தொல்பொருள் சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே கைமாறியது என்றால் கேள்வி எழாது அல்லவா?

பொய்யை உடைத்தது ஒரு புகைப்படம். புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகச் சென்று கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்து வந்தனர். 1974இல் அவர்கள் விருத்தாசலத்தில் எடுத்த படத்தில் அச்சிலை தன் மாடத்திலேயே நிற்கிறது! சிங்கப்பூரில் கப்பல் துறையில் பணிபுரிந்த எஸ். விஜயகுமார் முதலான ஆர்வலர்கள், அப்படத்தையும் கலைக்கூடத்துப் படத்தையும் அருகருகே வைத்துக் கல்லின் சிதைவுகளை ஒப்பிட்டனர். ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று.

கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதாகி, மறு ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 2014 செப்டம்பர் 5 அன்று, ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் புது தில்லியில் அர்த்தநாரீசுவரரையும் ஸ்ரீபுரந்தான் நடராசரையும் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். உடையார்பாளையச் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

ஆலயத்தின் விலையுயர்ந்த அசையும் பொருள்களுக்கும் விளக்கமான பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். குருமடத்தில் அதைப் படித்தோம், தேர்விலும் எழுதினோம். ஆனால் முன்பொரு பங்கில் நான் பணியாற்றியபோது, பழைய மரச்சுரூபம் ஒன்று இரவோடு இரவாகக் காணாமற்போயிற்று. விசாரிக்க வந்த காவல் அதிகாரி முதலில் கேட்டது, “சாமி, படம் இருக்கிறதா?” என்பதே. என்னிடம் பட்டியலும் இல்லை, படமும் இல்லை. உயரத்தைக் கையால் காட்டினேன். உபதேசியார் வேறோர் உயரத்தைக் காட்டினார்.

மறுநாள் ஒரு மூதாட்டி தம் மகனின் புதுநன்மைப் படத்தை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தார். வெள்ளையுடைப் பிள்ளைகளின் பின்னால் சுரூபத்தின் பாதமும், பீடத்தின் ஒரு மூலையும் மட்டும் தெரிந்தன. அதையே காவல் நிலையத்தில் கொடுத்தோம். சுரூபம் இன்றுவரை கிடைக்கவில்லை.