கோப்புகள் இறங்கட்டும், பெயர்கள் இருக்கட்டும்

நான் மெய்ப்புத் திருத்துபவள். திருநெல்வேலியில் ஓர் அச்சகத்துக்குப் பதினெட்டு ஆண்டுகளாகப் புரூஃப் பார்க்கிறேன். கட்டுரை நடுவே பழந்தமிழ் மேற்கோள் ஒன்று வந்தால், மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்தப் பக்கத்தை விடமாட்டேன். சீர் பிரித்தது சரியா, ஒற்று மிகுந்திருக்கிறதா, ஊகமாக யாராவது ஒரு சொல்லை மாற்றிவிட்டார்களா என்று பார்த்தாக வேண்டும். இதற்காக நான் நாள்தோறும் போய் நிற்கும் இடம் மதுரைத் திட்டத்தின் இணையதளம். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வப் பணி அது. பழைய நூல்களை உலகெங்கும் உள்ள தமிழர்கள் தட்டச்சு செய்தும் சரிபார்த்தும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் மழை வந்தால் நெட் போய்விடும். அச்சுக்குப் போகவேண்டிய பக்கம் கையில் இருக்கும், ஒப்பிட வேண்டிய மூலம் திறக்காது. நூல்களைக் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் உட்கார்ந்தேன். பக்கத்தைத் திற, வலது பொத்தானை அழுத்து, சேமி, அடுத்தது. மூன்று மாலைகளில் 140 கோப்புகள் ஆயின. எல்லாவற்றுக்கும் பெயர் வெறும் எண்தான். எது எந்த நூல் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். சிலவற்றை இரண்டு முறை இறக்கியிருந்தேன், சிலவற்றை விட்டிருந்தேன்.

அப்போது விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பொறியியல் படிக்கிறவன்.

“சித்தி, மேலே முகவரியைப் பாருங்க. எண் மட்டும்தானே மாறுது?”

பார்த்தேன். திருக்குறள் இருக்கும் பக்கத்தின் முகவரியில் 0001 என்று இருக்கிறது. அடுத்த நூலுக்கு 0002. இத்தனை நாள் அந்த முகவரிகளைத் திறந்தவள் நான், இதைக் கவனித்ததே இல்லை.

“எண்ணை ஒண்ணொண்ணா கூட்டிக்கிட்டே போற வேலைக்கு மனுஷங்க எதுக்கு? அதைத்தான் எழுதிக் கொடுத்துடலாமே.”

அப்படி எழுதிக் கொடுப்பதற்குப் பெயர்தான் ஸ்கிரிப்ட். தமிழில் நிரல் என்கிறோம். நம் கை செய்யும் வேலையை வரிசை தவறாமல், ஒரு படியும் விடாமல் எழுதிவைத்த குறிப்பு அது. திருமண வீட்டில் சமையற்காரரிடம் கொடுக்கும் பட்டியலைப் போலத்தான். எழுதாத பொருள் வந்து சேராது, தவறாக எழுதியது தவறாகவே வரும்.

நாம் ஓர் இணைப்பைச் சொடுக்கும்போது நடப்பது இதுதான்: நம் கணினி அந்தத் தளத்தின் சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. சர்வர் ஓர் எண்ணோடு பதில் தருகிறது. 200 என்றால் இதோ கோப்பு. 404 என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறாய், பொறு. பிரவுசர் இந்த உரையாடலை நமக்குக் காட்டாமல் முடித்துவிடுகிறது. நிரலும் அதே உரையாடலைத்தான் நடத்துகிறது, இடையில் நம் விரல் இல்லை, அவ்வளவே.

இதற்கான கருவிகள் புதியவை அல்ல. டபிள்யூகெட் என்ற இலவச மென்பொருளைக் குரோவேஷியாவைச் சேர்ந்த ஹர்வோயே நிக்ஷிச் 1996இல் வெளியிட்டார். பாதியில் அறுந்த கோப்பை விட்ட இடத்திலிருந்து தொடர அதற்குத் தெரியும். எங்கள் தெரு நெட்டுக்கு அந்த ஒரு குணமே போதும். கர்ல் என்ற இன்னொன்று சுவீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் உருவாக்கியது. அரட்டை அறையில் இருப்பவர்களுக்கு நாணய மாற்று விகிதத்தை இணையத்திலிருந்து தானாக எடுத்துக் கொடுக்க வேண்டும் என்ற சின்னத் தேவையில் தொடங்கி, 1998இல் இன்றைய பெயரைப் பெற்றது. பைத்தான் மொழி தெரிந்தால் இந்த வேலையை அதிலேயே எழுதலாம். நாங்கள் அப்படித்தான் எழுதினோம்.

எங்கள் முதல் நிரல் பன்னிரண்டு வரி. தமிழில் சொன்னால் இப்படி: எண்ணை 1இல் தொடங்கு. அதை நான்கு இலக்கமாக்கு. முகவரியில் அதற்குரிய இடத்தில் வைத்துக் கேள். 200 வந்தால் சேமி, வேறு எது வந்தாலும் அந்த எண்ணைத் தனியே குறித்து வை. பத்து நொடி பொறு. எண்ணில் ஒன்றைக் கூட்டு. எண் 500ஐத் தாண்டியதும் நில்.

நான்கு இலக்கம் எதற்கு என்று கேட்டேன். கணினி பெயர்களை அகராதி போல எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்குமாம். வெறும் எண் போட்டால் 1க்கு அடுத்து 10, பிறகு 100, அதற்குப் பிறகுதான் 2 வரும். 0001, 0002 என்று போட்டால் வரிசை கலையாது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதச் சொல்வதும் இதற்காகத்தான்.

பத்து நொடி எதற்கு என்பதை அனுபவத்தில் கற்றேன். வேறொரு தளத்தில் பழைய இதழ்களைத் தேடியபோது இடைவெளி கொடுக்க மறந்துவிட்டேன். நிரல் ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் அந்தத் தளம் எனக்குக் கதவைச் சாத்தியது, மறுநாள்தான் திறந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த நேரத்தில் அதே சர்வரில் ஒரு பக்கம் படிக்கக் காத்திருந்தவருக்கு என்னால் தாமதம் ஆகியிருக்கும். 500 கோப்புகளுக்குப் பத்துப் பத்து நொடி என்றால் 5000 நொடி, ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. தூங்கப் போகும்போது ஓடவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. பல தளங்கள் எந்தப் பகுதிக்குள் நிரல் வரலாம், எங்கே வரக்கூடாது என்று ரோபாட்ஸ் என்ற சிறு கோப்பில் எழுதிவைக்கின்றன. 1994இல் மார்டைன் கோஸ்டர் முன்வைத்த ஏற்பாடு இது. வாசலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உள்ளே போவது நல்ல விருந்தாளிக்கு அழகு.

உரிமையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஓர் எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் வரை அவர் நூலுக்குக் காப்புரிமை உண்டு. நிரலால் எடுக்க முடிகிறது என்பதாலேயே ஒன்று எடுக்கத் தக்கதாகிவிடாது.

அந்த இதழ்த் தளத்திலேயே இன்னொரு பாடமும் கிடைத்தது. 62 கோப்புகள் வந்திருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஓர் எழுத்துகூடக் கூடவில்லை, குறையவில்லை. திறந்தால் எல்லாவற்றிலும் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்பு. 404 என்று சொல்லவேண்டிய தளம் 200 என்று சொல்லியிருக்கிறது, நிரலும் நம்பிச் சேமித்திருக்கிறது. அன்றிலிருந்து ஐந்து கிலோபைட்டுக்குக் குறைந்த எதையும் தனி ஃபோல்டரில் ஒதுக்கி, நானே ஒருமுறை திறந்து பார்க்கிறேன். புரூஃபில் கடைசிப் பார்வை என்று ஒன்று உண்டு. அதை நிரலிடம் ஒப்படைக்க முடியாது.

இறக்குவது பாதி வேலை. அடுக்குவதில்தான் என் மனம் லயித்தது. கோப்புக்குள் இருக்கும் நூற்பெயரை நிரலே படித்து, எண்ணுக்குப் பின்னால் சேர்த்துப் பெயர் வைக்கும்படி செய்தோம். இங்கே தமிழ் எழுத்தால் ஒரு சிக்கல் வந்தது. இணைய முகவரியில் தமிழ் எழுத்து வரும்போது அது சதவீதக் குறிகளும் எண்ணெழுத்துகளும் கலந்த நீண்ட சரமாக மாறிவிடுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரியில் மூன்று இடம். ஆக, கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் சொல் 45 இடத்தைப் பிடிக்கிறது. கோப்பின் பெயருக்கும் எல்லை உண்டு: லினக்ஸ் கணினியில் அது 255 பைட்டைத் தாண்டக்கூடாது. அதாவது தமிழில் 85 குறிகள். பழைய நூல்களின் நீண்ட தலைப்புகள் இதில் அடங்காது. எனவே கோப்புக்குக் குறும்பெயரும், முழுப்பெயருக்கு ஓர் அட்டவணையும் வைத்தோம். அட்டவணையில் எண், நூல், ஆசிரியர், முகவரி, இறக்கிய நாள் எல்லாம் நிரலே நிரப்பிக்கொள்கிறது.

இத்தனைக்கும் பிறகு நான் ஒரு தவறு செய்தேன். மதுரைத் திட்டக் கோப்புகளின் தலைப்பில் சில ஆங்கில வரிகள் இருக்கும். தேடும்போது அவை குறுக்கே வந்தன. நூல் தொடங்கும் இடம் வரை வெட்டிவிடு என்று நிரலுக்கு ஒரு வரி சேர்த்தேன். சில நொடிகளில் எல்லாக் கோப்புகளிலும் வெட்டி முடித்தது.

ஒரு வாரம் கழித்து, ஓர் ஐயத்துக்காக மூலப் பக்கத்தை இணையத்தில் திறந்தேன். நான் வெட்டிய வரிகளை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். தட்டச்சு செய்தவர் பெயர். மெய்ப்புப் பார்த்தவர் பெயர். இந்த முகப்பை நீக்காமல் வைத்திருந்தால் யாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம் என்ற ஒரே ஒரு வேண்டுகோள். அவர்கள் கேட்ட விலை அது மட்டும்தான்.

பதினெட்டு ஆண்டுகளில் நான் புரூஃப் பார்த்த புத்தகங்களில் என் பெயர் வந்தவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். பெயர் விடுபடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றிரவே எல்லாவற்றையும் மறுபடி இறக்கினேன், பத்துப் பத்து நொடி பொறுத்து. அந்த வெட்டும் வரியை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது கிளை நூலகத்துக்கும் பள்ளித் தமிழாசிரியர்களுக்கும் பென் டிரைவில் அந்தத் தொகுப்பைக் கொடுக்கிறேன். அட்டவணையில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி இருக்கிறது. அதன் தலைப்பு: மெய்ப்பு.