உள்ளே போவது பற்றிச் சில குறிப்புகள்: கொழுப்புக் குமிழி, பாக்டீரியா, கடை மேசை

2021 மே மாதம். கருப்புப் பூஞ்சை நோயில் பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். சீட்டை வைத்துக்கொண்டு நான் கடை கடையாக அலைந்தேன். 'சாதா ஆம்போடெரிசின் ரெண்டு குப்பி இருக்கு சார், லைப்போசோம் வராது' என்றார் ஒருவர். மருந்து ஒன்றுதானே, முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சொல் எதுக்கு?

கொழுப்பு மூலக்கூறுகள் சிலவற்றுக்குத் தலை தண்ணீரை நாடும், வால் விலகும். தண்ணீரில் விட்டால் வால்களை உள்ளே மறைத்து, இரட்டைச் சுவராகச் சுருண்டு குமிழியாகும். 1960களில் கேம்பிரிட்ஜுக்கு அருகே பாப்ரஹாமில் அலெக் பாங்கம் இதைக் கண்டு விவரித்தார். குமிழிக்குள்ளோ அதன் சுவருக்குள்ளோ மருந்தை வைத்து அனுப்பலாம். ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொழுப்பில் பொதிந்து கொடுத்தால் கேடு குறையும். கடைக்காரர் சொன்ன வித்தியாசம் அவ்வளவுதான்.

பூஞ்சையை விட்டு பாக்டீரியாவுக்கு வருவோம். கிராம் நெகட்டிவ் வகைக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. அதன் துளைகள் குறுகலானவை. தப்பித்தவறி நுழைகிற மருந்தையும் இறைத்து வெளியே தள்ளும் பம்புகள் உண்டு. பல சமயம் மருந்துக்கு வீரியமில்லை என்பதல்ல, போய்ச் சேரவில்லை என்பதே பிரச்சினை. சரி, குமிழியில் வைத்து அனுப்பினால்? நமது செல்கள் சில வெளிப்பொருளை விழுங்கும், பாக்டீரியா விழுங்காது. ஒரு மைக்ரான் நீள உயிருக்குள் 200 நானோமீட்டர் குமிழி முழுசாப் போகாது. ஆகவே முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, இளகிய சவ்வுள்ள குமிழி பாக்டீரியாவின் வெளிச்சவ்வோடு கலந்து சரக்கை மொத்தமாகக் கொட்டுவது. சூடோமோனாஸில் இது ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டிருக்கிறது. மற்றது, பாக்டீரியா ஒளிந்திருக்கும் நமது செல்லுக்குள் மருந்தைக் கொண்டுபோவது.

இந்த இரண்டாவது வழி நடைமுறைக்கு வந்துவிட்டது. மைகோபாக்டீரியம் ஏவியம் கூட்டத்தைச் சேர்ந்த கிருமிகள், நுரையீரலில் நம்மைக் காக்க வேண்டிய மேக்ரோபேஜ் செல்லுக்குள்ளேயே குடியிருக்கின்றன. அமிக்காசினை ஊசியாகப் போட்டால் காதும் சிறுநீரகமும் கெடலாம். செல்லுக்குள்ளும் அது சுலபத்தில் நுழையாது. அதையே சுமார் 300 நானோமீட்டர் குமிழிகளில் அடைத்து மூச்சோடு இழுத்தால் மேக்ரோபேஜ் குமிழியை விழுங்கும். 2018இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் தந்தது, அதுவும் வேறு வழி அதிகமில்லாதவர்களுக்கு மட்டும். சோதனையில், வழக்கமான மருந்துகளோடு இதையும் எடுத்தவர்களில் 29 சதம் பேரின் சளியில் ஆறு மாதத்துக்குள் கிருமி மறைந்தது. எடுக்காதவர்களில் 9 சதம். முன்னேற்றம்தான், மாயமில்லை.

இதைப் பற்றிய சொல்லாடலைக் கவனியுங்கள்: 'டிராய் குதிரை', 'இலக்கு', 'ஆயுதம்'. நோயைப் போராக்கும் மொழியை சூசன் சொன்டாக் 1978லேயே கேள்விக்குள்ளாக்கினார். அந்த மொழி எதை மறைக்கிறது என்பதே நமக்கு முக்கியம். தடை முழுவதும் எதிரியின் கோட்டைச் சுவரில் இருப்பதாக அது சொல்கிறது. நான் முட்டி நின்ற தடை கடை மேசை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019இல் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. மேற்கு ஆப்பிரிக்காவில்தான் அந்த விகிதம் மிக அதிகம். புதிய குமிழி மருந்து அங்கேயா முதலில் போகிறது?

எதிர் உதாரணமும் உண்டு. பீகாரின் காலா அசார் நோயாளிகளுக்கு இதே லைப்போசோம் ஆம்போடெரிசின் ஒரே தவணையாகக் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக வந்த கம்பெனி நன்கொடை அது. ஆக, ஏழைக்குப் போய்ச் சேராது என்பது குமிழியின் இயல்பல்ல. ஆனால் நன்கொடை உரிமையாகாது, கொடுக்கிறவன் நிறுத்தலாம். செய்முறை பொதுவில் இருக்க வேண்டும், பொதுத்துறை ஆலைகள் இதைத் தயாரிக்க வேண்டும் என்று கேட்பது அறிவியலுக்கு வெளியே உள்ள வேலையல்ல. போய்ச் சேர்ப்பது என்ற அதே ஆய்வின் மிச்சப் பகுதி அது.

பெரியப்பாவுக்கு நான்காம் நாள் குப்பி கிடைத்தது. அதற்குள் ஒரு கண் போயிருந்தது.