இல்லாத நாளைச் சுமக்கும் இலக்கம்

கண்டி தலதா வீதியில் எந்த வங்கிக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்பது ஐசி நம்பர்தான். பழைய அடையாள அட்டை ஒன்றின் இலக்கம் 85561 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 85 பிறந்த வருடம். பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டுவார்கள்; அதைக் கழித்தால் 61. 1985இன் 61ஆம் நாள் நாட்காட்டிப்படி மார்ச் 2. ஆனால் அட்டைக்குரியவர் பிறந்தது மார்ச் 1!

இந்த இலக்கமுறையில் எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள். லீப் வருடமா என்று பார்க்கத் தேவையில்லை, ஒரே அட்டவணை போதும். 1972இல் அட்டை வழங்கத் தொடங்கிய காலத்துக்கு நல்ல வசதிதான். சிக்கல், இந்த விதி பின்னால் வந்த மென்பொருள்களில் விளக்கக் குறிப்பில்லாத ஒற்றை வரியாக ஒளிந்திருப்பது. புதிதாக வேலைக்கு வந்தவர் அதைப் பிழை என்று நினைத்துத் 'திருத்துவார்'. லீப் வருடத்தில் பிறந்தவர்களுக்கு எதுவும் மாறாது. ஜனவரி, பெப்ரவரிக்காரர்களுக்கும் அப்படியே. ஆகவே சோதனையில் தப்பிவிடும். மற்றவர்களின் பிறந்தநாள் ஒரு நாள் தள்ளிப்போகும். 1985 டிசம்பர் 31இல் பிறந்தவர் 1986க்கே போய்விடுவார்.

சோதனைகள் இல்லாத நிரலே மரபு நிரல் என்று மென்பொருளாளர் மைக்கேல் ஃபெதர்ஸ் 2004இல் வெளியான தன் நூலில் வரையறுத்தார். அவர் சொல்லும் வழி எளிது: கைவைக்கும் முன், நிரல் இப்போது என்ன விடை தருகிறதோ, சரியோ பிழையோ, அதையே சோதனையாக எழுதி வை. இங்கே பெப்ரவரி 28, மார்ச் 1, டிசம்பர் 31 ஆகிய மூன்று திகதிகளை லீப் வருடத்திலும் சாதாரண வருடத்திலும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சோதித்தாலே போதும்.

2000இல் பிறந்தவர்கள், அப்போது அட்டை பெறும் வயதாக இருந்த 16ஐ 2016இல் எட்டினார்கள். இரண்டு இலக்க வருடத்தில் அவர்களும் 1900இல் பிறந்தவர்களும் ஒன்றே. உலகம் மறந்துவிட்ட வை-டூ-கே சிக்கல் இங்கே பதினாறு வருடம் பிந்தி வந்தது! அந்த ஜனவரியில் 12 இலக்க முறை வந்தது. பழையதை மாற்ற, முன்னால் 19, நாள் எண்ணுக்குப் பின் ஒரு பூச்சியம். பெப்ரவரிக்கு 29 நாள் என்ற விதி அப்படியே தொடர்கிறது.

பழைய இலக்கத்தின் கடைசியில் இருந்த எழுத்து போய்விட்டது. வீ என்றால் வாக்காளர். எக்ஸ் என்றால் பொதுவாக வாக்குரிமை இல்லாதவர். கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை குடியுரிமைக்குக் காத்திருந்த குடும்பங்கள் உண்டு; இந்த எழுத்தை வெறும் தரவாகப் பார்க்க எனக்கு முடியவில்லை. நிரலுக்கோ அது பத்தாம் இடத்தில் வரவேண்டிய ஓர் எழுத்து. புதிய இலக்கத்தில் அந்த இடத்தில் எண் இருக்கிறது; பழைய அட்டைகளும் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் இரண்டையும் வாசிக்கத் தெரிய வேண்டும்.