கொடிப் பந்தாட்டம்: பெற்றோர்க்குச் சில விளக்கங்கள்

பிள்ளைப்பாக்கத்தில் விளைநிலமாக இருந்த இடங்கள் பலவற்றில் இன்று சிப்காட் தொழிற்பூங்காவின் ஆலைகள் நிற்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரையில் இதுவே காட்சி. வேலை வாய்ப்புப் பெருகியது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், அறுவடை முடிந்த கழனியில் மாலைதோறும் சடுகுடு ஆடிய பிள்ளைகளுக்கு ஆடுமிடம் சுருங்கிவிட்டது. பெற்றோர் ஷிப்டு வேலைக்குச் செல்ல, பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக வீட்டினுள் முடங்கிக் கிடக்கின்றனர். இந்நிலையில், சிறுவரும் சிறுமியரும் சேர்ந்தே ஆடத்தக்க ஒரு புதிய ஆட்டத்தை நம் அங்கத்தினர்களுக்கு அறிமுகப்படுத்த விழைகிறோம்.

இதன் பெயர் ‘ஃபிளாக் ஃபுட்பால்’. தமிழில் கொடிப் பந்தாட்டம் எனலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படை முகாம்களில் வளர்ந்தது. படைவீரர்கள் அடிபடாமல் பந்தாடுவதற்குக் கண்ட வழி இது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்த்த அதே முடிவில் இதனையும் சேர்த்தது. ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனிப் போட்டிகள் உண்டு.

ஆட்டம் எத்தகையது?

பெயரில் கால்பந்து என்றிருப்பினும், இதில் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியுமே ஆடுகின்றனர். உரித்த தேங்காயைப் போல் இரு முனையும் கூம்பியது பந்து. ஓர் அணிக்கு ஐவர். ஒவ்வொருவர் இடையிலும் ஒரு பட்டி; அதன் இரு பக்கங்களிலும் துணிக்கொடிகள் தொங்கும். பந்தை வைத்திருப்பவரின் கொடியை எதிரணியார் உருவிவிட்டால் ஓட்டம் அங்கேயே நிற்கும். அடுத்த முயற்சி அவ்விடத்திலிருந்து தொடங்கும். எறிந்த பந்து எவர் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தாலும் ஒரு முயற்சி கழிந்தது.

நான்கு முயற்சிகளுக்குள் நடுக்கோட்டைக் கடக்கவேண்டும். கடந்தால், எல்லையை அடைய மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். தவறினால் பந்து எதிரணியாருக்குச் செல்லும். பந்தோடு எல்லையை அடைந்தால் 6 புள்ளிகள். பிடித்துத் தள்ளுவதும், வழிமறித்து மோதுவதும், தன் கொடியைக் கையால் மறைப்பதும் தவறாகும்.

சடுகுடு இருக்க இது எதற்கு?

நியாயமான கேள்வி. சடுகுடு நமது ஆட்டம். அதை எவரும் கைவிடவேண்டியதில்லை. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணிகளில், சென்னைக் கண்ணகி நகர்க் கார்த்திகாவும் திருவாரூர் மாவட்டத்து வடுவூர் அபினேஷும் இடம்பெற்றிருந்தனர் என்பது நமக்கெல்லாம் பெருமை.

எனினும், ஆளை ஆள் பிடித்து மடக்கும் ஆட்டம் என்பதால், பிள்ளைகளைக் கபடிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் பலர் உளர். சிறுவரும் சிறுமியரும் அதனைக் கலந்து ஆடவும் இயலாது. கொடிப் பந்திலோ கைபடவேண்டியது துணிமீது மட்டுமே. ஆகையால், சிறு வயதினர் கலந்த அணிகளாகவே ஆடலாம்.

மகன் ஆடப் புறப்பட்டால் ‘போய்வா’ என்கிறோம்; மகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் ‘போதும், உள்ளே வா’ என்கிறோம். நேற்றுவரை தெருவில் ஓடிய பெண் இன்று வாசற்படியில் நின்று தம்பி ஆடுவதைப் பார்க்கிறாள். அவள் செய்த குற்றம் யாது? 2022-இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில், மெக்ஸிகோ நாட்டு மகளிர் இவ்வாட்டத்தின் தாயகமான அமெரிக்காவையே 39–6 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றனர். அவர்களும் ஒரு காலத்தில் வீட்டாரின் அனுமதி பெற்று ஆடப் புறப்பட்ட சிறுமியரே.

அடிபடாதா?

அடியே படாது என்று நாம் கூறமாட்டோம். பந்து பட்டு விரல் பிசகலாம். திரும்பும்போது கணுக்கால் சுளுக்கலாம். இருவர் ஒரே பந்தைப் பார்த்து ஓடினால் மோதிக்கொள்ளவும் கூடும். ஆயினும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 6 முதல் 14 வயதினரிடையே நடத்தி 2021-இல் வெளியான ஆய்வைக் காண்க. ஆளைத் தாக்கி வீழ்த்தும் அமெரிக்கக் கால்பந்தில், ஒரு பயிற்சியிலோ போட்டியிலோ தலையில் விழும் மோதல்கள் கொடிப் பந்தைவிட 15 மடங்கு மிகுதி என்று அது கண்டது. தலைக்கு நேரும் தீங்கைக் கொடி எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

செலவும் ஏற்பாடும்

முழு ஆடுகளம் எல்லைப் பகுதிகள் உட்பட 70 கெஜ நீளமும் 25 கெஜ அகலமும் உடையது. அதாவது ஏறத்தாழ 36 சென்ட். சிறுவர்க்கு அதில் பாதி போதும். அறுவடைக்குப்பின் சும்மா கிடக்கும் நிலத்தைச் சில வாரங்களுக்கு ஒதுக்க உழவர்களால் இயலும். முளைக்குச்சி, கண்ணாடித்துண்டு, வரப்பு மேடு ஆகியவற்றை முதலில் நீக்கவேண்டும்.

கொடிகளைக் கடையில் வாங்கவேண்டும் என்பதில்லை. நெசவாளர் வீடுகளில் ஒதுக்கிய துண்டுத் துணியே போதும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமும் மூன்று விரல் அகலமும் உள்ளனவாக வெட்டி, ஓரம் தைத்துக்கொள்ளலாம். அணிக்கு ஒரு நிறம் அமைவது நன்று. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கொடியை முடிச்சிட்டுக் கட்டக்கூடாது. இழுத்தவுடன் கழன்று வருமாறு இடுப்புப் பட்டியில் செருகவேண்டும். முடிச்சிட்டால் பிள்ளை இழுபட்டு விழும். விரல் சிக்காதிருக்கப் பையில்லாத கால்சட்டை ஏற்றது. சட்டை கொடியை மறைக்காமல் உள்ளே செருகப்படவேண்டும். துப்பட்டாவும் வளையலும் களத்திற்கு வெளியே இருக்கட்டும்.

பெற்றோரிடம் நாம் வேண்டுவன மூன்று. ஞாயிறுதோறும் வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம் பிள்ளைகளை ஆட விடுங்கள். மகனை அனுப்பும்போது மகளையும் உடன் அனுப்புங்கள். ஷிப்டு இல்லாத பெற்றோர் இருவராவது முறைவைத்துக் களத்தோரம் நில்லுங்கள். குடிநீரும் கட்டுத்துணியும் உடன் இருக்கட்டும். பாலையும் நூலையும் பொதுவில் வைத்து முன்னேறத் தெரிந்த நமக்கு, பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பைப் பொதுவில் ஏற்பது அரிதன்று. பட்டியும் கொடியும் தைப்பது ஒரு மாலைப்பொழுது வேலை. வரும் ஞாயிறன்றே தொடங்கலாம்.